முப்பத்தோராம் வரி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தால் ஒரு பெண்குரல், வடக்கு இத்தாலிய உச்சரிப்பு. தன் பெயர் கியாரா, மலைப்பக்கத்தில் ஒரு சறுக்கு விமானக் கிளப்பில் மெக்கானிக் என்றாள். நான் முன்னர் வேலை செய்த விமானக் கிளப் போன வருடம் விற்ற பழைய ரலி விமானத்தை வாங்கியது அவர்கள்தானாம். என் இலக்கத்தை எங்கள் கிளப் அலுவலகத்தில் வாங்கியிருக்கிறாள்.

அவள் கதைத்தது இத்தாலியன். ஆனால் முப்பது வருடமாக இத்தாலியனும் சிசிலியனும் என் காதுக்குள் போய் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்குகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் எல்லாரும் அப்படியே கதைப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பிளேனோடை ஒரு பரிசோதனைப் பட்டியல் வந்திருக்கு. முப்பது வரி அச்சடிச்சது. முப்பத்தோராவது வரியை ஆரோ பேனையாலை எழுதியிருக்கினம். எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை" என்றாள்.

"வாசியுங்கோ பாப்பம்."

"மஞ்சள் பொட்டு: மூக்கில் ஒன்று. துடைக்க வேண்டாம்."

கையிலிருந்த கத்தரிக்காயைக் குவியலில் போட்டுவிட்டேன். கடைக்காரன் "வேணுமோ வேண்டாமோ?" என்று கத்தினான். பின்னேரம் எடுக்கிறேன் என்று கியாராவிடம் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

இங்குள்ள தமிழ் ஆட்களின் ஆண்டு மலரைப் போடுகிற பிள்ளைகள் மூன்று வருடமாக என்னைக் கரைச்சல் படுத்துகிறார்கள். "ஐயா, நீங்கள் பிளேனிலை வேலை செய்தனீங்கள், அதை எழுதுங்கோவன்" என்று. நான் பிளேனில் வேலை செய்தவன் அல்ல, பிளேனைக் கழுவியவன். இருபத்திரண்டு வருடம் கழுவினேன். கழுவியதில் எழுத என்ன இருக்கிறது என்று சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன். அந்த முப்பத்தோராம் வரி என்னைப் பிடித்து இருத்திவிட்டது.

எங்கள் தலைமுறைக்கு விமானம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்தவர்கள் நாங்கள். நான் பலெர்மோவுக்கு வந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் மன்னார் அந்தோனியோடு குடியிருந்தேன். வீடு துடைத்தேன், சமைத்தேன், படுக்கையில் கிடந்த ஒரு கிழவரை நாலு வருடம் பராமரித்தேன். கடைசியாக ஒரு பல் டொக்டர் வீட்டில் துப்புரவு வேலை. அவரை எல்லாரும் டொத்தோரெ என்பார்கள். ஞாயிறுகளில் விமானம் ஓட்டுவது அவருக்குப் பைத்தியம். என் வேலை நறுக்காக இருக்கிறது என்று ஒருநாள் தன் காரிலேயே ஏற்றிக் கிளப்புக்குக் கூட்டிப் போனார். அங்கே ஓர் இயந்திரம் உறுமியதும் நான் குந்தி இருந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன். நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இயந்திரம் நிற்கும்வரை என் பக்கத்தில் வந்து நின்றார். அவர்தான் தலைமை மெக்கானிக், மாஸ்த்ரோ சால்வோ.

நகரத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன விமானத் தளம் அது. ஆபிரிக்காவிலிருந்து ஷிரொக்கோக் காற்று அடித்தால் விடியும்போது சிவப்புத் தூள் எல்லா விமானங்களிலும் படிந்து கிடக்கும், மற்றக் காற்றில் கடல் உப்பு. இரண்டும் உலோகத்தைத் தின்னும். அதனால் கழுவுகிறவனுக்கு வேலை ஓயாது. கிளப் எனக்கு ஒப்பந்தம் எழுதித் தந்தது. அந்தத் தாளை வைத்துத்தான் என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் தங்கியிருக்கும் அனுமதி, புதுப்பிக்கப்பட்டது. அந்தத் தாளை வைத்துத்தான் ஊரிலிருந்து என் மனைவி ராஜியை எடுப்பதற்கு விண்ணப்பமும் போட்டேன். என் முழு வாழ்க்கையும் அந்த ஒற்றைத் தாளில் தொங்கியது. பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றவர்களுக்கு இது விளங்கும்.

இனி ரலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பிரெஞ்சுக்காரி. சாதாரணக் குடும்பத்து மனிதரும் பயமில்லாமல் ஓட்டக்கூடிய மலிவான உல்லாச விமானம் ஒன்று வேண்டுமென்று பிரெஞ்சு அரசாங்கம் முன்னொரு காலத்தில் போட்டி வைத்ததாம். அந்தப் போட்டிக்குப் பிறந்தவள் இவள். முதலில் வந்தவளுக்குத் தொண்ணூறு குதிரை வலு. பிறகு நூறு, நூற்று நாற்பத்தைந்து, நூற்று ஐம்பது, நூற்று எண்பது, இருநூற்று இருபது என்று ஒவ்வொரு தங்கைக்கும் நெஞ்சு பெருத்துக்கொண்டே போனது. கொமொடோர் என்று ஒன்று, மினேர்வா என்று ஒன்று. பின்னாளில் பிரெஞ்சுக்காரருக்கு என்ன தோன்றியதோ, குடும்பம் முழுவதற்கும் 'க' வரிசையில் பெயரை மாற்றினார்கள். போக்கிரிப் பையன் என்று பொருள்படும் கலோப்பேன், இயந்திரமில்லாத சறுக்கு விமானங்களைக் கயிற்றில் இழுத்து மேலே ஏற்றுபவனுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையின் பெயரான கலேரியேன், ஆயுதம் கட்டியவனுக்குப் போர்வீரன் என்ற கெரியே. போலந்துக்காரர் உரிமை வாங்கித் தங்கள் நாட்டிலும் செய்தார்கள், அதற்கு ஒரு குட்டிப் பறவையின் பெயரை வைத்தார்கள். இதெல்லாம் மாஸ்த்ரோ வேலைக்கு நடுவில் துண்டு துண்டாகச் சொன்னது. எங்களுடையவள் நூற்று எண்பது குதிரைக் கொமொடோர், நாலு இருக்கை, கண்ணாடிக் கூரையைப் பின்னுக்குத் தள்ளித் திறக்கலாம். கிளப்பில் அவளைச் சிஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் அழைப்பார்கள். டொத்தோரெ வீட்டுச் சிஞோராவிடமிருந்து வந்து இன்னொரு சிஞோராவிடம் மாட்டிக்கொண்டேன் என்று அந்தோனி என்னைப் பகிடி பண்ணுவான்.

இவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் பொதுவான ஓர் அங்கம் உண்டு. செட்டையின், அதாவது இறக்கையின், முன்விளிம்பு நெடுகிலும் ஒரு நீளத் தகடு. நாங்கள் அதை முன்சிறகு என்போம். வேகமாகப் பறக்கும்போது காற்று அதைச் செட்டையோடு அமத்தி வைத்திருக்கும். வேகம் குறைந்தால் அது தானாகவே 'டக்' என்று முன்னுக்கு வந்து நிற்கும். அதற்கு மோட்டாரும் இல்லை, சுவிட்சும் இல்லை. அது வெளியே வந்தால் செட்டைக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும் பலம் வரும், ஓட்டுபவருக்கும் வேகம் போதாதென்று தெரிந்துவிடும். கழுவும்போது நான் அதைக் கையால் இழுத்து உள்ளே துடைத்துத் திரும்பத் தள்ளிவிடுவேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

மாஸ்த்ரோ சால்வோ குள்ளமான மனிதர். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டி நெஞ்சில் தொங்கவிட்டிருப்பார். கொட்டகைக்குள் அவர் ஓடி நான் கண்டதில்லை, ஓடுகிறவரையும் நிறுத்திவிடுவார். யாரையும் புகழ மாட்டார், ஏச மாட்டார். செய்த வேலையைப் பற்றிக் கேட்கும்போது "சரி மாஸ்த்ரோ" என்று பதில் சொன்னால் மட்டும் பிடிக்காது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, "பாத்தனியோ, நினைச்சனியோ?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால் போய்விடுவார். நினைத்தேன் என்றால் தானே போய்ப் பார்ப்பார். முதல் வருடத்தில் எனக்கு இந்தக் கேள்வி பெரிய எரிச்சல். பிறகு வீட்டில் அடுப்பை நிறுத்தினேனா என்று என்னையே நான் அப்படிக் கேட்கத் தொடங்கினேன்.

கழுவுவதற்கும் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. ரலியின் உடம்பில் இரண்டு பக்கமும், வாலுக்குப் போகிற வழியில், சில்லறைக் காசளவில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதன் நடுவில் ஊசித் துவாரம். வெளிக் காற்றின் அழுத்தம் அந்தத் துவாரங்களால் உள்ளே போய்த்தான் உயரத்தைக் காட்டும் ஊசியும் வேகத்தைக் காட்டும் ஊசியும் சரியாக நிற்கின்றன. தண்ணீர் புகுந்தால் கெடுதல். அதனால் கழுவ முன்னர் நான் அவற்றின் மேல் சிவப்பு ரேப் ஒட்ட வேண்டும். கழுவி முடிந்த பிறகு அதை நான் உரிக்கக் கூடாது, மாஸ்த்ரோதான் உரிப்பார். மூடுகிறவன் வேறு, திறக்கிறவன் வேறு என்பது சட்டம். உரித்த ரேப் துண்டுகளைத் தன் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று "எத்தனை ஒட்டினனீ?" என்பார். இரண்டு என்பேன். அவர் கையில் இரண்டு இருந்தால்தான் விமானம் நகரும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பெரிய வேலை முடிந்து ஒரு விமானம் பறக்கலாம் என்று அவர் கையெழுத்து வைத்தால், அதன் முதல் பறப்பில் அவரும் ஏறி இருப்பார். யாரும் கேட்டதில்லை, எந்த விதியிலும் இல்லை. கையெழுத்து வைத்தவன் தரையில் நின்று கை காட்டக் கூடாது என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் சிஞோராவைப் பிரித்துப் பார்த்துப் பூட்டினோம், பழைய பெயின்றைச் சுரண்டிப் புது வெள்ளை அடித்தோம். ஆறு கிழமை வேலை. முடிந்த மறுநாள் காலை முதல் பறப்பு, ஓட்டுவது டொத்தோரெ. அந்தக் காலை எங்கள் ஆயுத பூசை.

புதுப் பெயின்ற் அடித்த வாகனத்துக்குப் பொட்டு வைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஊரில் சைக்கிளுக்கே வைப்போம். பல்லரோவில் எங்கள் ஆட்களின் கடையில் சந்தனத்தூளும் குங்குமமும் வாங்கியிருந்தேன். ஏழு மணிக்கு முன்னரே கொட்டகைக்குப் போய், பன்னீரில் சந்தனத்தைக் குழைத்து மூக்கில் ஒன்று, மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொன்று வைத்தேன். பிறகு உடம்பின் இரு பக்கத்திலும், அந்த வட்டத் தகட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே, ஒவ்வொன்று வைத்தேன். துவாரத்தில் வைக்கவில்லை. அது எனக்குத் தெரியாத இடமா? கற்பூரம் கொளுத்த முடியாது, பெற்றோல் இருக்கிற இடம். கண்ணை மூடி, இதில் ஏறுகிற எவருக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று கேட்டேன். ராஜியின் பேப்பர் கெதியாக வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டேன், பொய் சொல்லக் கூடாது.

அப்போது வெளியே மாஸ்த்ரோவின் கார் சத்தம். எனக்குத் திடீரென்று வெட்கம் வந்துவிட்டது. ஆறு கிழமை பாடுபட்ட வெள்ளைப் பெயின்றில் மஞ்சளும் சிவப்பும் பூசி வைத்திருக்கிறான் இவன் என்று நினைப்பார், சிரிப்பார். ஈரத் துணியை எடுத்து ஒவ்வொரு பொட்டாக அவசர அவசரமாகத் துடைத்தேன். மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்தேன். அவர் உள்ளே வரும்போது சிஞோரா பளிச்சென்று நின்றாள், துணி என் பைக்குள் இருந்தது.

அன்று ஒன்றையும் கழுவவில்லை, ஆகவே ரேப்பும் இல்லை. மாஸ்த்ரோ முந்திய மாலையே விளக்குப் பிடித்துப் பட்டியலின் முப்பது வரிகளையும் பார்த்து முடித்திருந்தார். காலையில் பட்டியலை எடுத்துக் கையெழுத்தை மட்டும் வைத்தார். டொத்தோரெயும் ஒருமுறை சுற்றி வந்தார். வெள்ளைப் பெயின்றில் ஊசித் துவாரம் மங்கலான மஞ்சளால் நிரம்பியிருப்பது யார் கண்ணில் படும்? இருவரும் ஏறினார்கள். நான் கை காட்டினேன்.

நாற்பது நிமிடம் பறப்பதாகச் சொன்னவர்கள் பத்து நிமிடத்தில் வந்து இறங்கினார்கள். டொத்தோரெயின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஊசி செத்துப் போச்சு" என்றார், அதையே மூன்று தரம் சொன்னார்.

மேலே நடந்தது இதுதான். ஏற ஏற வேக ஊசி கீழே விழுந்துகொண்டே போய்ப் பூச்சியத்தில் நின்றிருக்கிறது. உயர ஊசி தரையிலிருந்த இடத்தை விட்டு அசையவில்லை. முன்னுக்கு மலை. வேகம் போய்விட்டதென்று பயந்து டொத்தோரெ மூக்கைக் கீழே தள்ளியிருக்கிறார். மாஸ்த்ரோ அவருடைய மணிக்கட்டில் கையை வைத்து, "ஊசியைப் பாக்காதையுங்கோ டொத்தோரெ, செட்டையைப் பாருங்கோ" என்றாராம். முன்சிறகு செட்டையோடு ஒட்டி இருந்தது. அப்படியென்றால் வேகம் இருக்கிறது, பொய் சொல்வது ஊசி. வட்டமடித்து இறங்கும்போது, சிறகு 'டக்' என்று வெளியே வரும்வரை மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, வந்ததும் ஒரு சொட்டு வேகம் கூட்டி, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே தரைக்கு வந்திருக்கிறார்கள். என்றோ ஒரு காலத்தில் எங்கோ ஒரு பிரெஞ்சுக்காரர் யோசித்து வைத்த தகடு அன்று இரண்டு உயிரைக் காப்பாற்றியது.

மாஸ்த்ரோ இறங்கியதும் நேராக வாற்பக்கம் போனார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். ஊசியால் சுரண்டி, உதிர்ந்ததை ஒரு தாளில் ஏந்தினார். காய்ந்த மஞ்சள் தூள். மற்றப் பக்கத்திலும் அதேதான்.

"குளவி" என்றார். "மண்ணாலை கட்டிப்போட்டுது."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டேன். குளவி என்று அவரே சொல்லிவிட்டாரே.

பின்னேரம் சோறு தின்னும்போது அந்தோனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையைப் பிசைந்த சோற்றோடு நிறுத்தினான்.

"வேறை ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரு. ராஜியின்ரை பேப்பர் குவெஸ்தூராவிலை கிடக்குது. இப்ப உன்னை வேலையாலை நிப்பாட்டினா எல்லாம் போச்சு. குளவிக்குப் பெர்மெஸ்ஸோ தேவையில்லை, பழி அதின்ரை தலையிலை கிடக்கட்டும்."

"ரெண்டு பேர் செத்திருப்பினமடா."

"சாகேல்லைத்தானே! சந்தா ரொசாலியாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திறன் உன்ரை பேரிலை. படு."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கடைசியாக ஊருக்குப் போய் ராஜியைக் கண்டு மூன்று வருடமாகியிருந்தது.

மறுநாள் காலை நான் போகும்போது மாஸ்த்ரோ மேசையில் இருந்தார். வழக்கமாக அந்த நேரம் ஏதாவது ஒன்றின் அடியில் படுத்திருப்பவர். முன்னால் ஒரு கடிதம், எழுதி முடித்த கடிதம். அதை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாசி. நீயும் அறிய வேணும், இனி வேறை ஆள் வரும்."

கிளப் தலைவருக்கு எழுதியிருந்தது. இன்றோடு தன் கையெழுத்தை நிறுத்திக்கொள்வதாக எழுதியிருந்தார்.

"ஏன் மாஸ்த்ரோ?"

"மாலை ஆறு மணிக்கு லைற் பிடிச்சுப் பாத்தனான். ரெண்டு துவாரமும் சுத்தம். குளவி இருட்டிலை வேலை செய்யாது. காலமை எட்டு மணிக்குப் பிளேனை வெளியிலை எடுத்தது. அப்ப எப்ப கட்டினது?" விரலால் மேசையைத் தட்டினார். "முந்தியே கட்டியிருக்க வேணும். என்ரை கண் அதைக் காணேல்லை. காணாத கண்ணை வைச்சுக்கொண்டு பாத்தன் எண்டு கையெழுத்து வைக்கிற மனுசன் இந்த வேலையிலை இருக்கக் கூடாது. டொத்தோரெக்கு ரெண்டு பிள்ளையள்."

நாற்பது வருடம் பார்த்த கண். அந்தக் கண்ணை அவர் நம்பாமல் போவதற்கு நான் காரணம். ராஜியின் முகம் ஒருமுறை வந்து போனது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"மாஸ்த்ரோ, அது குளவி இல்லை. நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, பொட்டு, கார் சத்தம், துணி. இத்தாலியன் வராத இடத்தில் கையால் காட்டினேன். நான் முடித்ததும் அவர் மேசை லாச்சியைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்து, அந்தத் தூளை மூக்கருகே பிடித்தார்.

"இது மணக்குது எண்டு நேற்றே பட்டது. மூக்கும் பழுதாப் போச்சாக்கும் எண்டு விட்டிட்டன்" என்றார். பிறகு கேட்டார்: "ஏன் பூசினனீ?"

"புதுசாப் பெயின்ற் அடிச்சால் வைக்கிறது. ஏறுற ஆக்களுக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு."

"அப்ப ஏன் துடைச்சனீ?"

"நீங்கள் கண்டால் சிரிப்பியள் எண்டு."

"சிரிச்சிருப்பன்" என்றார். "சிரிச்சுப்போட்டு, போய்ப் பாத்திருப்பன்."

அவர் தாளைத் திரும்ப மடித்து வைத்தார்.

"நேற்று ஏன் சொல்லேல்லை?"

"மனிசியின்ரை பேப்பர் குவெஸ்தூராவிலை, மாஸ்த்ரோ. இந்த ஒப்பந்தத்திலைதான் நிக்குது."

அன்றுதான் அவர் கோபப்பட்டுக் கண்டேன். சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி, அதன் நூலை விரலில் இறுக்கிச் சுற்றினார். ஓர் இரவு முழுக்கத் தன் கண்ணை வெறுத்துக்கொண்டு கிடந்த மனிதரின் கோபம் அது. அதற்கு முழு உரிமையும் அவருக்கு இருந்தது.

"வெளியிலை போ" என்றார். "சிஞோராவின்ரை வயித்துப் பக்கத்தைக் கழுவு. எண்ணெய் ஒழுகிக் கிடக்கு."

போய்க் கழுவினேன். அவருடைய அறை ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சிஞோராவின் பதிவுப் புத்தகத்தை எடுத்து எழுதினார். நிறுத்தினார், மறுபடி எழுதினார். நாலைந்து வரி இருக்கும். என் பெயரை எழுதுகிறார் என்று நினைத்தேன். எழுதத்தான் வேண்டும். அந்தப் புத்தகத்தில் அவர் ஒரு பொய்யும் எழுதியதில்லை.

அன்று போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கிழமை முடியச் சொல்வார் என்று இருந்தேன். டொத்தோரெயிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சிவந்து போய்க் கதவைச் சாத்தினார், இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை, பிறகு கதைத்தார். அதிலிருந்து ஐந்தாம் மாதம் ராஜி வந்து சேர்ந்தாள். ஒரு ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிஞோராவைக் காட்டினேன். கதையைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவ்வளவு வடிவான சாமானையோ நீங்கள் துடைச்சுக் கெடுக்கப் பாத்தனீங்கள்?" என்றாள். மாஸ்த்ரோவுக்கு நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். முதல் தடவையாக அவர் பல் தெரியச் சிரித்தார்.

மறு வருடம் ஆயுத பூசைக்கு நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை. எட்டு மணிக்கு மாஸ்த்ரோ வந்து கேட்டார்.

"எங்கை உன்ரை மஞ்சள்?"

"வேண்டாம், மாஸ்த்ரோ."

"ராஜி வீட்டிலை வைச்சிருப்பா. போய் எடுத்துக்கொண்டு வா."

எடுத்து வந்தேன். என்னை விமானத்தின் மூக்குக்கு முன்னால் நிறுத்தி, துவாரமோ மூட்டோ இல்லாத ஓர் இடத்தை விரலால் காட்டினார். "இஞ்சை. ஒண்டு." வைத்தேன். பழக்கத்தில் கை துணிக்குப் போனது. "துடையாதை" என்றார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு வாற்பக்கம் போய் இரண்டு துவாரங்களையும் பார்த்துவிட்டு வந்து, பட்டியலின் அடியில் பேனையால் முப்பத்தோராம் வரியை எழுதினார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் சிஞோரா பொட்டோடுதான் பறந்தாள். மழையும் காற்றும் தாமாக அழிக்கும்வரை அது இருக்கும்.

பதிவுப் புத்தகம் அலுமாரியில் இருந்தது. அதைப் பூட்டும் திறப்பு பக்கத்து ஆணியில் தொங்கியது. இருபது வருடத்தில் ஒருநாள்கூட நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. காரணம் பயம், வேறொன்றுமில்லை. என் பெயரை அவருடைய கையெழுத்தில் அந்தப் பக்கத்தில் காண எனக்குத் துணிவு வரவில்லை. மாஸ்த்ரோ ஓய்வெடுத்தார், சில வருடத்தில் காலமானார். அவருடைய சவப்பெட்டியை நானும் ஒரு மூலையில் பிடித்தேன். நானும் ஓய்வெடுத்தேன். கிளப் புது விமானங்களுக்கு மாறியது, சிஞோரா வடக்கே போனாள்.

அன்று பின்னேரம் கியாராவுக்கு அழைப்பெடுத்து இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். முடிவில், "பதிவுப் புத்தகம் என்னட்டைத்தான் இருக்கு. அந்தப் பக்கத்தை வாசிக்கட்டோ?" என்றாள்.

ராஜி என் பக்கத்தில் வந்து இருந்தாள். "வாசியுங்கோ" என்றேன்.

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் மெதுவாக வாசித்தாள்.

"இரண்டு துவாரங்களும் அடைபட்டிருந்தன. சுத்தம் செய்யப்பட்டது. முந்திய நாள் மாலை பார்த்தேன். பறக்கும் நாள் காலையில் பார்க்கவில்லை, நினைத்தேன். பிழை என்னுடையது. சால்வோ."

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

"வேறை ஆற்றையும் பேர்?"

"ஒருத்தற்றை பேரும் இல்லை."

நான் தொலைபேசியை ராஜியிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். அறுபத்தேழு வயதில் குசினிக்குள் நின்று அழுவது பெரிய வெட்கக்கேடு, ஆனாலும் அழுதேன். திரும்பி வந்தபோது ராஜி தன் உடைந்த இத்தாலியனில் சந்தனத்தைத் தண்ணீரா பன்னீரா விட்டுக் குழைப்பது என்று கியாராவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் கபோச் சந்தைப் பக்கத்துத் தபால் கந்தோரில் ஒரு சின்னப் பொதி அனுப்பினோம். சிஞோரா இப்போது சறுக்கு விமானங்களை இழுக்கிறாளாம், கலேரியேன் செய்கிற வேலை. இந்த வயதிலும் அவளுக்கு ஓய்வில்லை.

மாஸ்த்ரோ எழுதியதில் பொய் இல்லை. அவர் அன்று காலை பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதிவில் ஒரு வரி குறைகிறது. அதை எழுதும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு, எழுதும் இடம் இதுதான்.

பொட்டு வைத்தவனும் துடைத்தவனும் நான். ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான். நாகேஸ்வரன், கழுவுகிறவன்.